எடைச் சீட்டின் பின்பக்கம்

என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு எடைச் சீட்டு இருக்கிறது. ஏலக்காய் ஸ்டோரில் கொடுத்த சீட்டு. முன்பக்கம் என் அத்தையின் பெயர், முந்தின நாள் அவள் எடுத்த பச்சைக்காய் 11 கிலோ 200 கிராம், கீழே கங்காணியின் கிறுக்கல். பின்பக்கம் அப்பாவின் கையெழுத்தில் ஐந்து வரி:

கடி 10½. ஜீப் ரோடு 1. ஆஸ்பத்திரி கேட் 3¼. டாக்டர் 5.20. முடிஞ்சது ராத்திரி 8.

2004ஆம் வருசம். எனக்குப் பதிமூன்று வயது. ஏலச்செடி மற்ற செடிகளைப் போல உச்சியில் காய்க்காது. தூரில், மண்ணை ஒட்டி ஓடுகிற சரத்தில் காய்க்கும். காய் எடுக்கிறவள் குத்தவைத்துச் சருகுக்குள் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். பாம்பும் அந்தச் சருகுக்குள்தான் படுத்திருக்கும். அத்தையின் வலது கையில் கடித்தது. எஸ்டேட் ஜீப் காய்மூடை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கம்பளியைக் கம்பில் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஜீப் ரோட்டுக்கு வந்தார்கள். பிறகு ஜீப். பிறகு மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு ஆஸ்பத்திரி. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு பெயரை எழுதினால் மற்ற ஆஸ்பத்திரியெல்லாம் தப்பித்துக்கொள்ளும்.

"சார், பாம்பு கடிச்சிருக்கு சார்."

"என்னா பாம்பு? அடிச்சுக் கொண்டாந்தியா?"

"இல்ல சார், சருகுக்குள்ள போயிருச்சு."

"சீட்டுப் போட்டுட்டு உக்காரு. டாக்டர் வருவாரு. எந்தூரு?"

அப்பா ஊரைச் சொன்னார். அடுத்து, "எந்தத் தெரு?" என்று கேட்டார்கள். பாம்புக்கடிக்கு ஊசி போடத் தெரு எதற்கு என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அப்பாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. சீட்டு எழுதியவருக்கு முப்பது இருக்கலாம். 'நீ, வா, போ' என்றுதான் பேச்சு. ஸ்ட்ரெச்சர் தள்ளிய துப்புரவுத் தொழிலாளி நம்ம ஆள். அவர்தான் ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். பணியில் இருந்த ஒரே நர்ஸ் பிரசவ வார்டுக்கும் இங்கேயுமாக ஓடிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லி எழுத எனக்கு மனசில்லை.

மறுநாள் உடலை வாங்கும்போது காகிதத்தில் இருந்ததை வாத்தியார் ஒருவர் வாசித்துச் சொன்னார். அத்தை வந்த நேரம் 5.20 என்று இருந்தது. 'காலதாமதமாகக் கொண்டுவரப்பட்டார்' என்று ஒரு வரியும் இருந்தது. மூணேகாலுக்கும் ஐந்து இருபதுக்கும் இடையிலான இரண்டு மணி ஐந்து நிமிடம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. சீக்கிரம் பார்த்திருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தாமதம் என்ற ஒன்று நடந்தது. அதை அரசின் காகிதம் யார் தலையில் எழுதியது என்பதுதான் என் கேள்வி. தாமதம் எங்களுடையதாக எழுதப்பட்டது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியின் வரலாறு.

2

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது திணை ஒழுக்கம் மனப்பாடம் செய்தோம். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல். இருத்தல் என்றால் பொறுத்துக் காத்திருத்தல். அது தலைவிக்குக் கற்பு என்று உரைகாரர்கள் மெச்சினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தெருவிலிருந்து மலைக்குப் போன சனத்துக்குக் குறிஞ்சியிலும் இருத்தல்தான். கூலிக்குக் காத்திருத்தல், ஜீப்புக்குக் காத்திருத்தல், ரேசனுக்குக் காத்திருத்தல், டாக்டருக்குக் காத்திருத்தல். அது கற்பும் இல்லை, பண்பும் இல்லை. நம் மேல் ஏற்றி வைக்கப்பட்ட சுமை.

போடியிலிருந்து மேற்கே அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைமேல் வெள்ளைக்காரன் தேயிலையும் ஏலமும் போட்ட காலத்தில், முதலில் செய்த காரியம் சரக்கு இறங்க வழி பண்ணியது. குண்டளைப் பள்ளத்தாக்கில் 1908இல் சின்ன ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்கு ஆகாயத்தில் கம்பி கட்டி, தேயிலைப் பெட்டிகளைத் தொங்கவிட்டு இறக்கினார்கள். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போனது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. தேயிலை கம்பியில் இறங்கி, வண்டியில் ஏறி, ரயிலில் போய், கப்பலில் சீமைக்குப் போனது. எந்தப் பெட்டி எங்கே, எந்த நாளில், எத்தனை ராத்தல் என்று கணக்கு இருந்தது.

அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள், ஏலக்காட்டில் களை வெட்டியவர்கள் யார்? கீழ்நாட்டிலிருந்து கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போன கூலிகள். பெரும்பகுதி நம் சனம். குளிருக்கு ஒரு கம்பளி கொடுப்பார்கள். அதன் விலையைக் கூலியில் பிடிப்பார்கள். அந்தக் கம்பளிதான் போர்வை, அதுதான் மழைக்குக் கொங்காடை, காய்ச்சல் கண்டவனைச் சுமந்து இறங்கும் தூளியும் அதுதான். தேயிலைக்குக் கம்பி, கூலிக்குக் கம்பளி. மலேரியாவில் செத்தவர்களின் கதையைப் பி.எச். டேனியல் என்ற டாக்டர் எழுதினார். ஆனைமலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர் அவர். 1969இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய நாவல், பிறகு 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தது. தோட்டத்து டாக்டரே எழுதியதால்தான் அந்தச் சாவுகளுக்கு ஒரு பதிவு கிடைத்தது. செத்தவன் வீட்டுக்காரன் சொன்னால் அது ஒப்பாரி. டாக்டர் சொன்னால் ஆவணம்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1951இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் 10ஆவது பிரிவு, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி உடனடியாகக் கிடைக்கும்படி ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்க வேண்டும் என்றது. முதலாளி செய்யவில்லையென்றால் தலைமை ஆய்வாளரே ஏற்பாடு செய்து, செலவை முதலாளியிடம் வசூல் பண்ணலாம் என்றது. நல்ல பிரிவுதான். ஆனால் 1981 திருத்தத்துக்குப் பிறகும் 5 ஹெக்டேருக்குக் குறையாத, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தோட்டத்துக்குத்தான் சட்டம். ஏலக்காடுகளில் எத்தனையோ அதைவிடச் சின்னவை. அங்கே வேலை செய்கிறவளும் அதே சருகுக்குள்தான் கை விடுகிறாள். இப்போது அந்தச் சட்டமும் இல்லை. 2020இல் இயற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அதற்குள் அடங்கிப் போய்விட்டது.

இதோடு இன்னொரு கோடும் குறுக்கே விழுந்தது. 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. காடு ஒரு மாநிலம், காட்டில் வேலை செய்கிறவள் வீடு இன்னொரு மாநிலம். விடிகாலையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போகிற பெண்களுக்கு அடிபட்டால், அது எந்த அரசின் கணக்கு? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது அதே பெண்கள்தான் காட்டு வழியாகத் தப்பி ஓடிவந்தார்கள். எல்லை என்பது அவர்கள் உடம்பின் மேல்தான் ஓடுகிறது.

3

மருத்துவத்துக்காகக் காத்திருந்த தலித்தின் ஆவணங்களில் நான் படித்த மிகப் பழையது ஒரு கடிதம். 1929 டிசம்பர் 12இல் காந்தியின் 'யங் இந்தியா'வில் வந்தது. எழுதியவர் கத்தியவாரில் பள்ளிக்கூடம் நடத்திய ஒரு தீண்டப்படாத வாத்தியார். அண்ணல் அம்பேத்கர் தன் சிறிய நூலொன்றில் அதை எடுத்துச் சேர்த்தார். அந்த நூலின் பெயரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. இந்த நாட்டின் மனிதக் கணக்குக்குள் நுழைய அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்த கதைகள் அவை.

வாத்தியாரின் மனைவிக்குப் பிள்ளை பிறந்தது. இரண்டு நாளில் நோய் கண்டது. டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்றார். ஊர்ப் பெரியவர்கள் கெஞ்சி, இரண்டு ரூபாய்க்கு ஒருவர் ஜாமீன் நின்ற பிறகு வந்தார். அதுவும் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு. பிள்ளை பெற்று சில நாளே ஆன உடம்பை வெளியே எடுத்து வந்தார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்தார். அவர் வாத்தியார் கையில், வாத்தியார் மனைவி வாயில். பிறகு அதே வழியில் அது திரும்பியது. டாக்டர் நிமோனியா என்று சொல்லிப் போய்விட்டார். மருந்து அனுப்பினார், மறுபடி வந்து பார்க்க மறுத்தார். அவள் செத்துப்போனாள்.

அந்தக் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது ஒன்று உண்டு. எந்தத் தேதியில் பிரசவம், எந்தத் தேதியில் நோய், டாக்டர் வந்தது இரவு எத்தனை மணி, உயிர் போனது பகல் எத்தனை மணி என்று வாத்தியார் வரிசையாக எழுதியிருக்கிறார். அழுதுகொண்டே கணக்கு எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்றைக்குத்தான் அப்பாவின் எடைச் சீட்டு எனக்கு ஞாபகம் வந்தது. கத்தியவார் வாத்தியார் படித்தவர். அப்பா ஐந்தாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே காரியம் தோன்றியிருக்கிறது. நம்மிடம் பதிவேடு இல்லை. அதனால் கையில் கிடைத்ததில் நேரத்தை எழுது.

4

சட்டம் சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். 1955இன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தீண்டாமையைக் காரணம் காட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்க மறுப்பதைக் குற்றம் என்றது. 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் செய்த திருத்தம், ஆஸ்பத்திரி, மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று பெயர் சொல்லி, அங்கே நுழைவதைத் தடுப்பதை வன்கொடுமைப் பட்டியலில் சேர்த்தது.

கவனியுங்கள். மறுத்தால் குற்றம், தடுத்தால் குற்றம். காக்க வைத்தால்? அதற்குப் பிரிவு இல்லை. அதிகாரம் இதை நன்றாகக் கற்றுக்கொண்டது. இன்றைக்கு எவனும் 'உன்னைச் சேர்க்க மாட்டேன்' என்று சொல்வதில்லை. 'உக்காரு' என்கிறான். 'டாக்டர் வருவாரு' என்கிறான். 'பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு' என்று சீட்டு எழுதுகிறான். தீண்டாமை கடிகாரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டது. காத்திருந்த நேரத்தை எழுதாதவரை அதை எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது.

உடனே ஒருவர் கேட்பார்: அரசு ஆஸ்பத்திரியில் எல்லாச் சாதிக்காரனும்தானே காத்திருக்கிறான்? உண்மைதான். டாக்டர் இல்லாத அறையில் எல்லாரும் காத்திருக்கிறார்கள். ஆனால் போன் பண்ணச் சொல்ல ஒரு கவுன்சிலர், உள்ளே கூட்டிப்போக ஒரு சொந்தக்காரக் கம்பவுண்டர், வெளியே தனியாருக்குப் போக ஒரு கார் இருக்கிறவன் கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுகிறான். பெஞ்சில் கடைசிவரை மிஞ்சுகிறவன் யார் என்று பாருங்கள். அரசு எண்ணிப் பார்த்தால் அதுவும் தெரிந்துவிடும்.

கேசுவாலிட்டியில் நேரம் எழுதுகிற ஒரு பதிவேடு எப்போதும் இருந்தது. விபத்துப் பதிவேடு. நம் ஊரில் 'ஏ.ஆர். போட்டாச்சா?' என்று கேட்பார்களே, அதுதான். யார் கொண்டுவந்தார்கள், எப்படி அடிபட்டதாகச் சொன்னார்கள், டாக்டர் சோதித்தது எத்தனை மணி என்று அதில் இருக்கும். அடிதடி வழக்கில் அந்த ஏ.ஆர். காப்பிக்காக நாம் அலைந்திருக்கிறோம். ஆனால் அது போலீசுக்காக எழுதுகிற ஏடு. சோதித்த நேரம்தான் அதற்கு முக்கியம், வந்த நேரம் அல்ல. காயத்தின் கதைதான் வேண்டும், காத்திருப்பின் கதை வேண்டாம்.

இந்தப் போலீஸ் பயமே உயிரைக் குடித்தது. ஸ்கூட்டரில் போன ஒருவரைக் கார் இடித்தது. பக்கத்து ஆஸ்பத்திரி, இது போலீஸ் கேசு, எங்களுக்கு அனுமதி இல்லை என்று 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்பியது. வழியில் செத்துப்போனார். பத்திரிகைச் செய்தியை வைத்துப் பரமானந்த் கட்டாரா என்பவர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989 ஆகஸ்ட் 28இல் தீர்ப்புச் சொன்னது: முதலில் உயிர், பிறகுதான் போலீஸ் நடைமுறை. அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் கடமை ஒன்றே.

அடுத்த மாதம், 1989 செப்டம்பரில், போடிப் பகுதியில் சாதிக் கலவரம். அந்த நாட்களைப் பற்றி அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "அடிபட்டவனத் தூக்கிட்டு எந்தத் தெரு வழியாப் போறது? அதத்தான்டா மொதல்ல யோசிச்சோம். வீட்டுலயே மஞ்சப்பத்துப் போட்டுப் படுக்கவச்சோம்" என்றாள். டெல்லியில் தீர்ப்பு எழுதிய மை காயவில்லை. எங்கள் தெருவில் காயத்துக்கு மஞ்சள் அரைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேருவதே சாதியைத் தாண்டுகிற காரியம் என்றால், அந்த நேரத்தை எந்தக் கடிகாரத்தில் எழுதுவது?

5

இந்த வரலாற்றில் நாம் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பெயர் ஹக்கீம் ஷேக். மேற்கு வங்கத்துக் கூலி விவசாயி. விவசாயத் தொழிலாளர் சங்கத்து உறுப்பினர். 1992 ஜூலை 8ஆம் தேதி இரவு மதுராபூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. டயமண்ட் ஹார்பர் போ என்றார்கள். கொண்டு போனது கல்கத்தாவுக்கு. கல்கத்தாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்கு. ஒன்றில் படுக்கை இல்லை, ஒன்றில் கருவி இல்லை. எல்லாம் அரசு ஆஸ்பத்திரிகள். கடைசியில் தனியாரில் சேர்ந்து 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். ஒரு கூலிக்கு அன்றைக்கு 17,000 என்றால் என்ன என்று நமக்குத் தெரியும்.

அவருடைய சங்கம் சும்மா விடவில்லை. நேராக உச்ச நீதிமன்றம் போனது. 1996 மே 6இல் தீர்ப்பு. உரிய நேரத்தில் சிகிச்சை தரத் தவறுவது, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றது. பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்றது. 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று உடனே தெரியும்படி ஒரு மையத் தொடர்பு வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும் என்றது.

அதற்குள் இன்னொரு சங்கதி இருக்கிறது. பெரிதாக யாரும் பேசுவதில்லை. அரசு அமைத்த விசாரணைக் குழு சில பரிந்துரைகள் சொன்னது. நீதிமன்றம் அவற்றை எடுத்து எழுதி, மேற்கு வங்கம் மட்டுமல்ல, மற்ற மாநிலங்களும் இந்த வெளிச்சத்தில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றது. அந்தப் பரிந்துரையில் பதிவேடு பற்றி இருக்கிறது. நோயாளி வந்த நேரம், சோதிக்கப்பட்ட நேரம், சேர்க்கப்பட்ட நேரம் தெளிவாக எழுதப்பட வேண்டும். சேர்த்தார்களா, எங்கே அனுப்பினார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும். பதிவேடு பத்திரமாக இருக்க வேண்டும். கண்காணிப்பாளர் அவ்வப்போது பார்க்க வேண்டும். அதற்குப் பொறுப்பாளி யார் என்று நிர்ணயிக்க வேண்டும்.

மூன்று நேரம், மூன்று பத்தி. 1996இலேயே சொல்லியாகிவிட்டது. என் அத்தை செத்தது 2004இல். எட்டு வருசம் கழித்து, அவள் காகிதத்தில் ஒரே ஒரு நேரம்தான் இருந்தது. 5.20. வந்ததும் அதுவே, பார்த்ததும் அதுவே, சேர்த்ததும் அதுவே. மூன்று பத்தியை ஒன்றாக்கினால் காத்திருப்பு காணாமல் போய்விடும். இதுதான் சூட்சுமம்.

6

அரசுக்கு வேகம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 2018 மார்ச் 11, குரங்கணிக் காட்டில் தீ. சென்னையிலிருந்தும் மேற்கு மாவட்டங்களிலிருந்தும் மலையேற வந்த பிள்ளைகள் சிக்கிக்கொண்டார்கள். முதலில் ஓடிப்போய்த் தூக்கியது மலைக்காரர்களும் தோட்டத் தொழிலாளிகளும். டோலி கட்டி இறக்கினார்கள். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. அமைச்சர்கள் வந்தார்கள். போடி, தேனி, மதுரை என்று ஆஸ்பத்திரிகள் இரவெல்லாம் விழித்தன. அப்படியும் 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை வைத்தார்கள். அத்தனையும் சரி, அத்தனையும் வேண்டியதுதான். கருகிச் செத்த பிள்ளைகள் நம் பிள்ளைகள் இல்லையா?

இரண்டு வருசம் கழித்து, 2020 மார்ச் 24. கொரோனாவுக்காக எல்லையை அடைத்திருந்தார்கள். கேரளத்து ஏலத்தோட்டத்திலிருந்து ராசிங்காபுரம் பக்கத்துத் தொழிலாளிகள் காட்டுவழியாக நடந்தே இறங்கினார்கள். காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டார்கள். ஒரு கைக்குழந்தையும் செத்தது. நாடே ஊரடங்கில் இருந்த வாரம். அந்தச் செய்தி இரண்டு நாளில் அணைந்துபோனது. ஒரே மலை, ஒரே மாதம், ஒரே நெருப்பு. பொழுதுபோக்காக மலை ஏறியவர்களின் சாவு ஒரு கேள்வியை எழுப்பியது. கூலிக்கு ஏறியவர்களின் சாவு எழுப்பவில்லை. நான் செத்தவர்களை ஒப்பிடவில்லை. அரசின் கடிகாரம் யாருக்கு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கிறேன்.

7

இன்றைக்கு நிலைமை 2004 மாதிரி இல்லை. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2008 செப்டம்பரில் 108 வந்தது. தேனியில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2017க்குப் பிறகு அரசு விபத்து, அவசர சிகிச்சைக்கென்று தனித் திட்டம் போட்டது. வருகிறவரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, உயிருக்குப் போராடுகிறவரை முதலில் பார்க்கும் முறை வந்தது. யார் முந்தி வந்தார் என்பதைவிட யாருக்கு அவசரம் என்று பார்ப்பது நல்ல நியாயம். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்துக்கு முதல் 48 மணிநேரச் செலவை அரசே ஏற்கும் என்றது. 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கினார்கள். இனி ஒவ்வொரு கடியையும் ஆஸ்பத்திரி அரசுக்குச் சொல்ல வேண்டும். என் அத்தை மாதிரியானவள் இன்று கணக்கிலாவது வருவாள்.

ஆனால் எங்கள் மலைக்கு வந்து பாருங்கள். ரோடு இல்லாத இடத்துக்கு 108 வராது. அகமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து நோயாளியை டோலி கட்டி இறக்கிய செய்திகள் 2020க்குப் பிறகும் வந்தன. இன்னுயிர் காப்போம் தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கிற விபத்துக்கு. ஜீப் கவிழ்ந்த வளைவு போடிமெட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? அடிபட்டவள் கேட்டா விழுவாள்? விஷமுறிவு மருந்தோ நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குச் செய்தது. மேற்கு மலையின் குழிவிரியன்களுக்கு அது உரியது அல்ல. ஏலக்காட்டுச் சருகில் கிடப்பது அதுவும்தான்.

நேரத்தைக் கண்காணித்தால் போதுமா என்றும் யோசிக்க வேண்டும். இங்கிலாந்தில் செய்து பார்த்தார்கள். அவசரப் பிரிவுக்கு வருகிறவரை நான்கு மணிநேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று 2000இல் திட்டம் போட்டார்கள். 98 சதவீதம் இலக்கு. 2010இல் 95 ஆக்கினார்கள். மாதாமாதம் வெளியே சொன்னார்கள். அரசைக் கேள்வி கேட்க மக்களுக்கு ஒரு எண் கிடைத்தது. 2015க்குப் பிறகு அந்த 95ஐ எட்ட முடியவில்லை என்பதும் அதனால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. ஆனால் எண்ணைக் காப்பாற்ற என்ன செய்தார்கள்? சில இடங்களில் நோயாளியை ஆம்புலன்சிலேயே வைத்து வெளியே நிறுத்தினார்கள். உள்ளே வந்தால்தானே கடிகாரம் ஓடும்! பிறகு விதி போட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்து 15 நிமிடம் ஆனால், உள்ளே ஏற்றாவிட்டாலும் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று. ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியில் இலக்கைத் துரத்தியதில் நோயாளியே மறந்துபோனதை 2013இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. கடிகாரத்தைத் தொடங்கும் விரல் யாருடையது என்பதுதான் அதிகாரம். சீட்டுப் போட்ட நேரத்தில் தொடங்கினால் ஆஸ்பத்திரி ஜெயிக்கும். கேட்டில் தொடங்கினால் பாதி உண்மை வரும். கடிபட்ட இடத்தில் தொடங்கினால்தான் ரோடு போடாத அரசு, ஜீப் தராத முதலாளி, மருந்தகம் இல்லாத தோட்டம் எல்லாம் கணக்கில் வரும். அப்பாவின் சீட்டு 'கடி 10½' என்றுதான் தொடங்குகிறது. கேட்டுக்கு வர ஆன நாலே முக்கால் மணிநேரமும், கேட்டுக்குள் கிடந்த இரண்டு மணி ஐந்து நிமிடமும் தனித்தனியாக அதில் இருக்கின்றன. அரசின் காகிதம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, 'காலதாமதம்' என்று எங்கள் பெயரில் பற்று எழுதியது.

8

சில வருசத்துக்கு முன்னால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு அலுவலகத்துக்கு மனு போட்டேன். அவசரப் பிரிவுக்கு வந்த நேரத்துக்கும் டாக்டர் பார்த்த நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு, ஒரு மாதக் கணக்குக் கொடுங்கள் என்று. அப்படிப்பட்ட தகவல் தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. போடி ஏல மையத்தில் ஒவ்வொரு லாட் ஏலக்காயும் எத்தனை கிலோ, யார் கேட்டான், என்ன விலைக்குப் போனது என்பது அன்றன்றைக்குக் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. காய்க்கு இருக்கிற பதிவேடு காய் எடுத்தவளுக்கு இல்லை.

நாம் கேட்க வேண்டியது பெரிய புரட்சி இல்லை. 1996 தீர்ப்பில் வந்த மூன்று பத்தியை ஒவ்வொரு அவசரப் பிரிவுப் பதிவேட்டிலும் தனித்தனியாக எழுது. நான்காவதாக, காயம் பட்ட இடமும் நேரமும் எழுது. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் அங்கே போய்ச் சேர்ந்த நேரத்தையும் கேட்டு எழுது. மாதம் ஒருமுறை கணக்கை வாசலில் ஒட்டு. நூறுநாள் வேலைக்குக் கிராமத்தில் சமூகத் தணிக்கை நடத்திப் பழகினோமே, அப்படி இந்தப் பதிவேட்டையும் சனத்தின் முன்னால் வைத்து வாசி. மேகாலயா 2017இல் பொதுச் சேவைகளுக்கே சமூகத் தணிக்கைச் சட்டம் போட்டது. நம்மால் முடியாதா? டாக்டர் பற்றாக்குறை என்றால் அதுவும் அந்தக் கணக்கில்தான் வெளியே வரும். ஓடி ஓடிக் களைத்த அந்த நர்சுக்கும் அந்தக் கணக்குதான் சாட்சி.

அது வரும்வரை? மலைக்குப் போகிற எங்கள் பெண்களிடம் இப்போது செல்போன் இருக்கிறது. ஒரு ஏற்பாடு பேசி வைத்திருக்கிறோம். அடிபட்டதும் ஒரு போட்டோ, ஜீப் ஏறும்போது ஒன்று, ஆஸ்பத்திரி கேட்டில் ஒன்று, டாக்டர் கைவைத்ததும் சீட்டோடு ஒன்று. நேரம் அதுவாகவே விழுந்துவிடும். எல்லாம் ஒரு நோட்டில் ஏறுகிறது.

போன பொங்கலுக்கு அப்பாவிடம் கேட்டேன். "ஏம்ப்பா, அன்னைக்கு அந்த நேரத்துல எழுதணும்னு எப்பிடித் தோணுச்சு?"

"கிலோவ எழுதுறாய்ங்கள்ல. நம்ம இத எழுதுவோம்னுதான்" என்றார்.

தோழர்களே, உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலிலும் யாராவது ஒருவர் எழுதத் தொடங்குங்கள். எந்தக் காகிதமானாலும் சரி. முதல் வரியில் கேட்டுக்குள் நுழைந்த நேரம் இருக்கட்டும்.